கண்ணாடி அலுமாரியில் உறங்கும் வண்டிகள்

கொழும்பில் 'காப்பட்' என்ற சொல்லைக் கேட்டால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வீதிதான். தாரிட்டு வழுவழுவென்று செப்பனிடப்பட்ட வீதியை நாம் 'காப்பட் வீதி' என்கிறோம். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வாக்களிப்பதும் அதனையே. நான் இங்கு எழுத முற்படுவது வேறொரு காப்பட்டைப் பற்றி. மண்டபமொன்றின் தரையில் விரித்து, வளைவும் நெளிவுமாகத் தடம் அமைத்து, அதன் மேல் வானலையால் இயங்கும் சிறிய ட்ரக் வண்டிகளை ஓட்டிப் போட்டியிடும் அந்தக் கம்பள விரிப்பைப் பற்றி.

இந்த வயதில் இவருக்கு ஏன் விளையாட்டுச் சாமான் ஆராய்ச்சி என்று வாசகர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அரசியலையும் இலக்கியத்தையும் எழுதிப் பழகிய பேனாவுக்கு இது பொருந்தாத விடயந்தான். ஆயினும் நமது பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் ஒன்றை இந்தச் சிறு வண்டியைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் வேறு கிடைக்கவில்லை. பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளுக்குச் சென்று வருபவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் பட்டமளிப்புப் புகைப்படம், பரிசளிப்பு விழாக் கேடயங்கள், வெளிநாட்டுத் தேநீர்க் கோப்பைகள். அவற்றுக்கு நடுவே பெரிய சக்கரங்களுடன் ஒரு ரிமோட் கொன்ட்ரோல் வண்டி. ரொறன்ரோவில் இருந்தோ இலண்டனில் இருந்தோ வந்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சுவரில் மோதிச் சில்லின் கை முறிந்தது. உதிரிப்பாகம் இல்லை. பற்றரியும் இறந்துவிட்டது. "மாமா தந்தது, உடைச்சுப் போடாதை" என்ற கட்டளையுடன் அது அலுமாரிக்குள் குடியேறிவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சியைக் கண்டிருக்கிறேன். வண்டியின் நிறம் மட்டுமே வேறு.

அந்த வண்டி அலங்காரப் பொருளன்று. விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. கழற்றவும் பூட்டவும் திருத்தவும் மாற்றவும் கூடிய ஓர் இயந்திரம். மேற்கு நாடுகளிலும் ஜப்பானிலும் அரை நூற்றாண்டு காலமாகப் பெரியவர்களே அதனை வைத்துப் போட்டியிட்டு வருகின்றனர். ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 காரின் சிறுவடிவத்தை வானலையில் இயங்கும் வண்டியாக வெளியிட்டது. அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்.சி.10 என்ற வண்டி பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் வழியில் பத்தில் ஒரு பங்கு அளவிலான ட்ரக் வண்டிகள் 1990களில் பெருகின. 2008இல் ட்ராக்ஸாஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் வந்தபோது ட்ரக் பந்தயம் சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் சென்றடைந்தது.

கம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். குளிரில் இருந்து வந்தது. பனி கொட்டும் மாதங்களில் வெளியே ஓட முடியாதவர்கள் மண்டபங்களுக்குள் புகுந்தனர். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டிக் கம்பளத் தடத்தில் நடைபெற்றுவந்த உள்ளரங்குப் போட்டி, இத்துறையின் பழம்பெரும் போட்டிகளில் ஒன்று. அவர்களுக்குப் பனி தடை; நமக்குப் பருவமழையும் இடநெருக்கடியும் தடை. வெள்ளவத்தையில் பிள்ளை ஓடி விளையாட முற்றம் எங்கே இருக்கிறது? காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நிறுத்திவைத்த வாகனங்களுக்கு நடுவே நடப்பதற்கே இடமில்லை. மண்டபத்துக்குள் விரித்துச் சுருட்டி வைக்கக்கூடிய ஒரு விளையாட்டிடம் கிளீவ்லண்டைவிடக் கொழும்புக்கே அதிகம் தேவை என்பேன்.

இனி வண்டியின் சங்கதிக்கு வருகிறேன்.

ட்ரக் வண்டி கரடுமுரடான மண் தரைக்கென்று பிறந்தது. உயர்ந்த உடல், பெரிய டயர், நீண்ட ஷொக், மென்மையான ஸ்பிரிங். இவை யாவும் மேடு பள்ளத்தை விழுங்குவதற்கானவை. அதே வண்டியைக் கம்பளத்தில் விட்டால் முதலாவது வளைவிலேயே குப்புற விழும். காரணம் பிடிமானம் குறைவாக இருப்பதல்ல, மிகையாக இருப்பது. மென்மையான இறப்பர் டயர் கம்பளத்தின் இழைகளைக் கவ்விக்கொள்கிறது. போட்டி நடக்க நடக்க டயர்களில் இருந்து உதிரும் இறப்பர் தடத்தில் படிந்து, பிடிமானம் மேலும் ஏறுகிறது. காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் கவிழ்வது இதனால்தான்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவருக்கு இது புதிய கணக்கல்ல. 'பொருள் முதலில் வழுக்குமா, கவிழுமா?' என்ற வினாவை அவர் எத்தனையோ தடவை எழுதியிருப்பார். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தின் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். உராய்வுக் குணகம் அந்த எண்ணைவிடச் சிறிதாக இருந்தால் வண்டி வளைவில் வழுக்கும். பெரிதாக இருந்தால் வழுக்குவதற்கு முன்னரே கவிழும். இதில் அடங்காத விதி ஒன்றுமில்லை. உயரத்தைக் குறை, அகலத்தைக் கூட்டு, அல்லது பிடிமானத்தைக் குறை. கம்பளத் தடத்துக்கு ட்ரக் வண்டியைச் சீர்செய்யும் கலை முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களின் விரிவுரைதான்.

முதலில் டயர். கூரிய முட்கள் கொண்ட மண் டயரைக் கழற்றிவிட்டுக் குட்டையான முட்கள் உள்ள டயரைப் பூட்டுவர். முன் டயரின் வெளிவிளிம்பில் உள்ள முட்களைக் கத்தியால் சீவிவிடுவதும் உண்டு. அதுவும் போதாவிட்டால் டயரின் பக்கச் சுவரில் சுப்பர் குளூவை மெல்லிதாகப் பூசிக் காயவிடுவர். இறுகிய விளிம்பு கம்பளத்தைக் கவ்வாது. வண்டி கவிழ்வதற்குப் பதில் சற்று வழுக்கும்.

அடுத்தது உயரம். ஷொக்கின் மேல் உள்ள வளையத்தைத் தளர்த்தி உடலைத் தாழ்த்துவர். சக்கரம் கீழே தொங்கும் தூரத்தையும் குறைப்பர். வளைவில் உட்பக்கம் எழும்புவதை அது தடுக்கும். பின்னர் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவர். மென்மையான ஸ்பிரிங் வண்டியைச் சாயவிடும். சாய்ந்தால் புவியீர்ப்பு மையம் வெளிப்பக்கம் நகரும். நகர்ந்தால் கவிழ்வது எளிது. ஷொக்குக்குள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெயையும் தடிப்பானதாக மாற்றுவர். சாய்வைத் தடுக்கும் கம்பியைக் குறுக்கே பூட்டுவர். சக்கரங்களின் மேற்புறம் ஓரிரு பாகை உட்புறம் சாய்ந்திருக்குமாறு இணைப்புக் கம்பியைத் திருகுவர். பற்றரியை இயன்றவரை தாழ வைப்பர். முன்னே நகர்த்தினால் முன் சக்கரங்களின் மேல் பாரம் கூடி வண்டி கூர்மையாகத் திரும்பும்; பின்னே நகர்த்தினால் திரும்புதல் மந்தமாகும்.

மோட்டாரில் பூட்டும் சிறிய பல்லுச் சக்கரத்தில் ஒரு பல்லு கூடினால் உச்ச வேகம் கூடும். மோட்டாரின் சூடும் கூடும். ஓட்டம் முடிந்ததும் மோட்டாரைத் தொட முடியாத அளவு சூடு இருந்தால் ஒரு பல்லுக் குறைந்ததைப் பூட்ட வேண்டும். இதைப் பேராசிரியர் சொல்லத் தேவையில்லை. விரல் சொல்லும்.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்றுண்டு. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைக் கொப்பியில் குறிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நன்றானால் வைத்துக்கொள்ள வேண்டும். தீதானால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் டயரையும் எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினால், எதனால் ஓடியது என்பது அவனுக்கே தெரியாது. தெரியாத வெற்றி அடுத்த வாரம் கைகொடுக்காது.

அன்பர்களே, நான் சொல்ல வந்த விடயம் இதுதான். ஒன்றை மாற்று, கவனி, குறித்துவை, முடிவு செய். இதற்குப் பெயர் விஞ்ஞான முறை. இதனை நமது பிள்ளைகள் வரைவிலக்கணமாக மனனம் செய்திருக்கின்றனர். செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது என்பது யாவரும் அறிந்ததே. பாடசாலை விட்டால் ரியூசன். ஒரு ரியூசன் விட்டால் இன்னொன்று. சனி ஞாயிறும் அப்படியே. ஆசிரியர் தரும் குறிப்பைப் பாடமாக்கி, கடந்த கால வினாத்தாளைத் திரும்பத் திரும்பச் செய்து, பரீட்சை மண்டபத்தில் ஒப்புவித்தால் பெறுபேறு வரும். நான் ரியூசனுக்கு எதிரானவன் அல்லன். தரப்படுத்தலையும் போரையும் கண்ட ஒரு சமூகம் கல்வியைப் பற்றிப்பிடித்துத்தான் நிமிர்ந்தது. பரீட்சையே ஏணி என்று நம்பிய பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'வழுக்குமா, கவிழுமா' என்ற கணக்கைச் சரியாகச் செய்து முழுப் புள்ளி பெறும் மாணவர், கண்ணெதிரே கவிழ்ந்த வண்டியைக் கண்டு "ஏன்?" என்று கேட்கவில்லை என்றால், அந்தக் கணக்கு அவருடைய அறிவாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பந்தயத்திலும் ரியூசன் குறிப்புப் போன்ற ஒன்று உண்டு. பெயர்பெற்ற ஓட்டிகள் தம் வண்டியின் சீரமைப்பை ஒரு தாளில் எழுதி வெளியிடுவர். எந்த ஸ்பிரிங், எந்த எண்ணெய், எத்தனை பாகை, எல்லாம் அதில் இருக்கும். புதியவர்கள் அதனை வரிக்கு வரி பின்பற்றுவர். குளிர்நாட்டு மண்டபத்தில் எழுதப்பட்ட அந்தத் தாளைக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? குளிரூட்டி இல்லாத நமது மண்டபத்தின் வெப்பத்தில் சிலிக்கோன் எண்ணெய் சற்று இளகும். அதன் பிசுக்குமை குறையும். தாளில் உள்ளதைவிடத் தடிப்பான எண்ணெய் தேவைப்படும். கடற்காற்றின் உப்பில் போல் பெயரிங் துருப்பிடிக்கும். நமது கம்பளத்தின் இழை வேறு. அதில் படியும் தூசு வேறு. இரவல் குறிப்பு ஓரளவுக்கு வழிகாட்டும். அதற்கு மேல் தன் கையும் தன் கண்ணுந்தான்.

'இதெல்லாம் வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு ஒட்டாது' என்போருக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட விரும்புகிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்குக்குப் பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் சவர்க்காரமும் செல்லத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அத்தடை பெரும்பாலும் விலக்கப்பட்டது 2002இல். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினர். இரண்டு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். அவர்கள் கையில் எந்த நாட்டுச் சீரமைப்புத் தாளும் இருக்கவில்லை. ஒன்றை மாற்றிப் பார்த்தனர். ஓடவில்லை என்றால் இன்னொன்றை மாற்றினர். நமது சமூகம் அவர்களைச் சாதுரியர்கள் என்று மெச்சியது. அதே மூச்சில், தன் மகன் மட்டும் அந்தக் கராஜ் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னது. கையில் கிறீஸ் படிவது இழிவு என்ற எண்ணம் போரைவிடப் பழையது. போர் முடிந்தும் முடியாதது.

கொழும்பின் கதை இன்னொரு விதம். போர்க்காலத்தில் தமிழ் இளைஞன் ஒருவன் வெள்ளவத்தையில் வயரையும் பற்றரியையும் ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு நடப்பதை எண்ணிப் பாருங்கள். சோதனைச் சாவடியில் அதற்கு விளக்கம் சொல்லி மீள்வது யாரால் இயலும்? 2007 ஜூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய காலத்தில், "மின்சாரச் சாமானோடு விளையாடாதை" என்று தாய்மார் பிள்ளைகளைத் தடுத்தது அறியாமையால் அல்ல, உயிரச்சத்தால். 2009 மே மாதத்துடன் போர் முடிந்தது. அதன் பின்னர் பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கின்றனர். அச்சத்துக்கான காரணங்கள் அனைத்தும் நீங்கிவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவியைத் தொட அஞ்சும் பழக்கத்தையாவது அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகக் கொடுக்காமல் இருக்கலாம் அல்லவா?

எனது யோசனை எளியது. கொழும்பில் தமிழருக்கு மண்டபங்கள் உண்டு. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கிறது. ஆலயங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் மண்டபங்கள் உள்ளன. பட்டிமன்றம், நூல் வெளியீடு, அரங்கேற்றம், பரிசளிப்பு ஆகியவற்றுக்கு அவை பயன்படுகின்றன, பயன்படவும் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஒரு கம்பளச் சுருள், தடம் வகுக்க நாலு பலகை, பத்து வண்டி, வழிகாட்டப் பொறியியல் படித்த இரண்டு இளைஞர். பேச்சுப் போட்டிக்குக் கொடுக்கும் கேடயத்தில் ஒன்றை இங்கேயும் கொடுக்கலாம். வெற்றி பெற்றவருக்கு ஒன்று, சிறந்த குறிப்புக் கொப்பிக்கு இன்னொன்று. இரண்டாவதே பெரிதாக இருக்கட்டும்.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை.

செலவு அதிகம் என்பது முதலாவது. உண்மை. 2022இல் ஒரு டொலரின் பெறுமதி இருநூறு ரூபாவில் இருந்து முந்நூற்றறுபது வரை ஏறிய நாட்டில் இறக்குமதிப் பொருள் எதுவும் மலிவல்ல. ஆனால் வண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையில்லை. சங்கத்துக்குச் சொந்தமான பத்து வண்டிகளை ஐம்பது பிள்ளைகள் பகிரலாம். எல்லா வண்டிக்கும் ஒரே மோட்டார், ஒரே பற்றரி, ஒரே டயர் என்று விதி செய்தால் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மேலதிக வாய்ப்பு இராது. சீரமைப்பின் திறமை மட்டுமே வெல்லும். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளிலும் நம் கைவினைக்கு வேண்டிய திருகாணியும் வயரும் பெயரிங்கும் கிடைக்கும்.

ஆபத்து என்பது இரண்டாவது. இதனை நான் இலேசாகக் கொள்ளவில்லை. இப்போதைய வண்டிகளில் உள்ள லித்தியம் பொலிமர் பற்றரி மின்கலமொன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப்பட்டாலோ, ஊதியிருந்தாலோ, குத்துப்பட்டாலோ தீப்பற்றும். அதற்குரிய சார்ஜரில், தீயைத் தாங்கும் பையில் வைத்து, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் மட்டுமே ஏற்ற வேண்டும். படுக்கையறையில் இரவு முழுவதும் ஏற்றவே கூடாது. மண்டபத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். மறுபுறம், வேகத்தின் மேல் இளைஞருக்கு இருக்கும் மோகம் எங்கேயாவது வெளிப்பட்டே தீரும். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தின்போது பார்வையாளர் மீது கார் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். கம்பளத் தடத்தில் கணிப்புப் பிழைத்தால் உடைவது ஒரு பிளாஸ்ரிக் கை. அளவுக்கு மீறிய வேகத்தில் வளைந்தால் கவிழும் என்பதை அந்தச் சிறு விலையில் கற்ற பிள்ளை, நாளை மோட்டார் சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ ஏறும்போது அந்த நினைவோடு ஏறும்.

இது ஆண் பிள்ளைகளின் விளையாட்டு என்பது மூன்றாவது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. சிறு திருகாணியைத் திருகவும் பத்தில் ஒரு மில்லிமீற்றரை அளக்கவும் கொப்பி எழுதவும் பொறுமையும் நுணுக்கமுமே வேண்டும். பெண் பிள்ளைகளை முதல் நாளே அழைக்காவிட்டால் பின்னர் அழைத்தாலும் வரமாட்டார்கள். ஆகவே முதல் நாளே அழையுங்கள்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் நகரங்களில் இத்தகைய கம்பளத் தடங்கள் இருந்தால், மாரி காலத்தில் ஒரு நாள் உங்கள் பிள்ளைகளோடு சென்று பாருங்கள். அடுத்த விடுமுறைக்குக் கொழும்பு வரும்போது பளபளக்கும் புதிய வண்டியைக் கொண்டுவராதீர்கள். அது அலுமாரிக்குத்தான் போகும். நாலு முன்கைகள், இரண்டு சோடி ஸ்பிரிங், மூன்று விதமான ஷொக் எண்ணெய், ஒரு நல்ல திருப்புளித் தொகுதி, வண்டியின் கைநூல், இவற்றைக் கொண்டுவாருங்கள். பற்றரி கொண்டுவருவதாயின் விமான நிறுவனத்தின் விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்து கைப்பையில் எடுத்துவாருங்கள். வானலைக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் உண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பின்னர் மருமகனோடும் மருமகளோடும் ஒரு பிற்பகல் தரையில் அமர்ந்து, முறிந்த கையைக் கழற்றிப் புதியதைப் பூட்டுங்கள். நீங்கள் பூட்ட வேண்டாம். பிள்ளை பூட்டட்டும், நீங்கள் திருகாணியை எடுத்துக் கொடுங்கள்.

சங்கங்களின் பொறுப்பாளர்களில் எவரேனும் இதனை வாசித்தால், அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். நமது மண்டபத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் எனக்கு எழுதுங்கள். கம்பளச் சுருளைத் தூக்க என் வயது இடங்கொடாது. முதலாவது குறிப்புக் கொப்பிகளை வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு.